வடிமடை அடைக்கும் வித்தை

ரத்தக் கொதிப்புக்காகத் தாம் உட்கொள்ளும் மாத்திரையே சிறுநீரகத்தையும் காக்கும் என்று வைத்தியர் சொன்னதாகவும், இவ்விரண்டுக்கும் சம்பந்தம் யாதென்று தமக்கு விளங்கவில்லை என்றும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுவதை யாவரும் அறிவர். அதற்கு வேண்டிய அழுத்தத்தை அது தானே நிர்ணயித்துக்கொள்வதுதான் விந்தை.

ரத்த ஓட்டம் தளரும்போது சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. 1898ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் டிகெர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்ட இப்பொருள், கல்லீரலில் உற்பத்தியாகி ரத்தத்தில் உலவும் பெரிய புரதமொன்றிலிருந்து 10 அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்கைக் கத்தரித்தெடுக்கிறது. அத்துணுக்கு ஏறக்குறைய சக்தியற்றது. ஆனால் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் அமர்ந்திருக்கும் வேறொரு நொதி அதன் கடைசி 2 அமிலங்களை நீக்கியதும், எஞ்சிய 8 அமிலத் துணுக்கு, குழாய்களை இறுக்கவல்ல ஆஞ்சியோடென்சின்-2 என்னும் பராக்கிரமம் மிக்க ஹார்மோனாகிறது.

என்னை மிகவும் வசீகரிப்பது இதற்கடுத்த காரியமே. உடலில் பெரும்பாலும் தமனி நுண்குழாய்களாகப் பிரிந்து சிரையாகக் கூடும். சிறுநீரக வடிகட்டியிலோ நுண்குழாய்ச் சுருளின் இருபுறமும் சிறு தமனிகளே காவல் நிற்கின்றன. ஹார்மோன் இரண்டையும் இறுக்கினாலும், வெளியேறும் குழாயையே அதிகமாக இறுக்குகிறது. வாய்க்காலில் நீர் குறைந்த நாட்களில் என் தகப்பனார் வடிமடையில் மண்ணை வெட்டிப் போட்டு வயலின் நீர்மட்டத்தைக் காப்பாற்றுவாரே, அதே யுக்திதான்! வரத்துக் குறைந்தபோதும் சுருளுக்குள் அழுத்தம் நிற்பதால் வடிகட்டல் தடைபடுவதில்லை.

ஆனால் ஆபத்துக்கான உபாயம் நிரந்தரமானால் கேடாகிறது. நீரிழிவுக்காரர்களில் பலருக்கு ஓயாத அழுத்தத்தால் வடிகட்டியே சிதைகிறது. பிரேஸில் நாட்டு விரியனொன்றின் விஷத்தை ஆராய்ந்ததன் பயனாகத் தோன்றி, 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காப்டோபிரிலும் அதன் இனத்து மாத்திரைகளும் ஆஞ்சியோடென்சின்-2ஐ உண்டாக்கும் நொதியைத் தடுத்து, வெளிக்குழாயைத் தளர்த்தி, இச்சிதைவைத் தாமதப்படுத்துகின்றன. வாசகரின் வினாவுக்கு விடை இதுவே.

இங்கே ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க மனம் ஒப்பவில்லை. உள்ளே வரும் குழாயை விரித்து வைக்கும் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருளை, மூட்டுவலிக்காக நாம் கேட்பாரின்றி வாங்கி விழுங்கும் மாத்திரைகள் பலவும் முடக்கிவிடுகின்றன. வாந்தியாலோ பேதியாலோ உடல் நீரிழந்திருக்கும் வேளையில், கொதிப்பு மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால், வரத்தும் அடைபட்டு வடிமடையும் திறந்துகிடக்கும் வயலின் கதியே சிறுநீரகத்துக்கும் நேரும். வலி மாத்திரையைத் தாம்பூலம்போல் ஒருவருக்கொருவர் கொடுத்து உபசரிக்கும் நாம், கொதிப்புக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டுவிட்டு விழுங்கினால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.