கை எவ்வளவு தேறியது?

சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் மாடு வைத்துப் பால் கறப்பவர்கள் பலர். மாந்தோப்பில் பாடுபடுபவர்கள் பலர். நகரியில் தறி ஓட்டுபவர்கள் பலர். இவர்கள் எல்லோருக்கும் கைதான் பிழைப்பு.

பக்கவாதம் வந்தால் ஒரு பக்கத்துக் கையும் காலும் செயல் இழக்கும். காரணம் கையில் இல்லை. மூளையில் இருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடும், அல்லது வெடிக்கும். அப்போது கைக்கு மூளையின் கட்டளை சரியாக வராது.

பயிற்சி செய்தால் கை தேறுமா? பலருக்குத் தேறும். திரும்பத் திரும்பச் செய்தால், மூளை புது வழியில் கட்டளை அனுப்பப் பழகும்.

கை எவ்வளவு தேறியது என்று எப்படித் தெரியும்?

மருத்துவமனையில் பிசியோதெரபி தருபவர் சோதித்துப் பார்ப்பார். “கையைத் தூக்குங்கள். விரலை மடக்குங்கள்” என்பார். மதிப்பெண் போடுவார். சுவீடன் நாட்டில் 1975-இல் உருவான ஒரு சோதனை இன்று பல நாடுகளில் வழங்குகிறது. அதில் கைக்கு மொத்தம் 66 மதிப்பெண்.

ஆனால், மருத்துவமனையில் கையைத் தூக்கியவர் வீட்டில் தூக்காமல் இருக்கலாம். நல்ல கை வேகமாக வேலை செய்யும். எனவே எல்லாவற்றுக்கும் அதையே நீட்டுவார். வீட்டாரும் பாசத்தால் ஓடி வந்து உதவுவார்கள். தேறி வரும் கை மடியிலேயே கிடக்கும். நாளடைவில் அதைப் பயன்படுத்தவே மறந்துவிடுவார்.

வீட்டில் நடப்பதை அறிய ‘சென்சார்’ என்ற சிறு கருவி உதவுகிறது. கைக்கடிகாரம் போன்ற பட்டையில் அது இருக்கும். இரண்டு மணிக்கட்டிலும் கட்டுவார்கள். கை எப்போது அசைந்தது, எவ்வளவு வேகமாக அசைந்தது, எப்படித் திரும்பியது என்று அது பதிவு செய்யும். செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறது அல்லவா? அதற்குள் இருப்பதும் இதே வகைச் சென்சார்தான்.

நலமாக இருப்பவர் நாள் முழுவதும் இரண்டு கைகளையும் ஏறக்குறைய ஒரே அளவு பயன்படுத்துகிறார். பக்கவாதம் வந்தவரின் இரண்டு பட்டைகளையும் ஒப்பிட்டால், எந்தக் கை சும்மா இருந்தது என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நடக்கும்போது கை தானாக வீசும். அது வேலை ஆகாது. வேலையையும் வெறும் வீச்சையும் எப்படிப் பிரிப்பது? சித்தூருக்குப் பக்கத்தில் உள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். கணக்கிடும் பல முறைகளை ஒப்பிட்டு 2022-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ‘புளூட்டோ’ என்ற கருவியையும் உருவாக்கியுள்ளன. அது மேசைமேல் வைத்து மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் பயிற்சி தரும் கருவி.

மறுவாழ்வுச் சிகிச்சை வேலூருக்குப் புதிது அல்ல. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

சென்சார் பட்டை எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் அது கற்றுத் தரும் பாடம் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். உங்கள் வீட்டில் பக்கவாதம் வந்தவர் இருக்கிறாரா? ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தேறி வரும் கை இன்று என்னென்ன செய்தது? டம்ளர் பிடித்ததா? கதவைத் தள்ளியதா? தினமும் எழுதுங்கள். அவரால் முடிகிற வேலையை அவரே செய்யட்டும். கொஞ்சம் பொறுத்திருங்கள். வலிக்கும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கோ, சித்தூர் அரசு மருத்துவமனைக்கோ போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். வீட்டில் கை செய்த வேலையை மருத்துவருக்கு அது சொல்லும்.