சல்லிக் கரையிலிருந்து புறாமலை வரை

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளிக்குச் செல்லும் வீதியில், உப்புவெளியைக் கடந்ததும், சாம்பல்தீவுக் களப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே அமைந்துள்ள மீனவக் கிராமம் சல்லி ஆகும். களப்பு என்பது ஒடுங்கிய வாயிலொன்றினால் கடலோடு தொடர்புற்றிருக்கும் ஆழங்குறைந்த உவர்நீர்ப் பரப்பாகும். கடலோரத்து முத்துமாரியம்மன் ஆலயத்தின் பொங்கல் விழாவினால் மாவட்டமெங்கும் அறியப்பட்ட இவ்வூரை மையமாகக் கொண்டு, விடியற்காலையில் திமிங்கிலங்கள் உலவும் ஆழ்கடலையும், முற்பகலில் முருகைக்கற்பாறைகளையும், பிற்பகலில் களப்பையும், மாலையில் கோணேசர் கோயில் குன்றையும் ஒரே நாளில் கண்டு திரும்ப இயலும். இவ்வளவு குறுகிய தூரத்திற்குள் இத்துணை வேறுபட்ட உயிர்ச்சூழல்கள் அமைந்த கரைகள் இலங்கையில் மிகச் சிலவே.

இப்பயணத்தின் காலத்தையும் ஒழுங்கையும் வகுப்பது காற்றேயாகும். வாடைக்காற்று வீசும் நவம்பர் முதல் பெப்ரவரி வரையான மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிப்பதால் சிறு படகுகள் பெரும்பாலும் கரையிலேயே தங்கிவிடுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று தீவின் மறுபுறத்தைத் தாக்கும் காலத்தில், உட்பகுதி மலைநாடு அதன் வேகத்தைத் தடுத்துவிடுவதால், ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை இக்கடல் பொதுவாக அமைதியாயிருக்கும். அக்காலத்திலும் பகல் ஏற ஏறக் காற்று எழுந்து நீர்ப்பரப்பில் நுரையைக் கிளப்பிவிடுமாதலால், நுரைக்கும் திமிங்கிலத்தின் மூச்சுக்கும் வேறுபாடு தெரியாமற் போகும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகுகள் பொழுது புலரும் வேளையிலேயே புறப்பட்டுவிடுவதன் காரணம் இதுவே.

திருகோணமலைக்கு அண்மையில் திமிங்கிலங்கள் வருவதற்குக் கடலடியின் அமைப்பே அடிப்படை. நிலத்தின் தொடர்ச்சியாகக் கடலுக்குள் நீண்டிருக்கும் ஆழங்குறைந்த பகுதி கண்டமேடை எனப்படும். மன்னார்ப் பக்கத்தில் அகன்று கிடக்கும் இம்மேடை இங்கு மிகவும் ஒடுங்கியிருப்பதோடு, மகாவலி கங்கை வந்து சேரும் கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழ்கடலை நோக்கிக் கடலடிப் பள்ளத்தாக்கொன்றும் செங்குத்தாக இறங்குகின்றது. இதனால், பிற கடல்களில் நெடுந்தூரம் சென்று தேடவேண்டிய ஆழம் இங்கே கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே கிடைத்துவிடுகின்றது. ஆழத்திலிருந்து மேலெழும் சத்துமிகுந்த நீர் நுண்ணுயிர்களையும், அவற்றை உண்ணும் சிற்றிறால்களையும் பெருகச் செய்ய, அவ்விறால்களைத் தேடி நீலத்திமிங்கிலம் வருகின்றது.

உலகில் வாழும் விலங்குகளுள் மிகப் பெரியதான நீலத்திமிங்கிலத்துக்குப் பற்கள் இல்லை. மேல்தாடையில் சீப்பின் பற்களைப் போல் வரிசையாகத் தொங்கும் தகடுகளால் நீரை வடித்து இரையை அது விழுங்குகின்றது. அது மூச்சு விடும்போது எழும் நீராவித் தூண் 9 மீற்றர் வரை நேராக உயரும். பல்லுடைய விந்துத்திமிங்கிலத்தின் மூச்சுத் துளையோ தலையின் முன்புறத்தில் இடப்பக்கமாக அமைந்திருப்பதால், அதன் தூண் தாழ்வாகவும் முன்னோக்கி இடப்புறம் சாய்ந்தும் தோன்றும். இவ்வேறுபாட்டைத் தொலைவிலிருந்தே கண்டு சொல்வது அனுபவமுள்ள படகோட்டிக்கு எளிது. நீலத்திமிங்கிலம் வால் தூக்கி மூழ்கினால் 10 நிமிடங்கள் அல்லது அதற்கும் மேல் காத்திருக்கவேண்டும், கணவாய் தேடி ஆழத்தில் இறங்கும் விந்துத்திமிங்கிலம் முக்கால் மணிநேரம் வரை தோன்றாமலும் இருக்கலாம். நீருக்கு மேல் எழும்பி உடலைச் சுழற்றி விழும் சுழல் டொல்பின்கள் கூட்டங்கூட்டமாக வருவதால், திமிங்கிலம் தென்படாத நாள்களிலும் கடலுக்குச் சென்றோர் பெரும்பாலும் ஏமாற்றத்தோடு திரும்புவதில்லை.

1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இந்நீர்ப்பரப்பில் விந்துத்திமிங்கிலங்களையும் நீலத்திமிங்கிலங்களையும் பதிவு செய்தபோது, திருகோணமலையின் பெயர் உலகக் கடலாய்வாளரிடையே பரவியது. எனினும் 1983இல் மூண்ட உள்நாட்டுப் போர் அம்முயற்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக இக்கடலில் மீன்பிடிக்கச் செல்வதே தடைகளுக்கும் அச்சத்துக்கும் உட்பட்டதாயிருந்ததையும், இன்று வழிகாட்டிகளாகத் திகழும் குடும்பங்கள் பல அக்காலத்தைக் கடலோரத்திலேயே கடந்து வந்தவை என்பதையும் இங்கு வரும் பயணிகள் அறிந்திருத்தல் நன்று.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இரண்டு சிறு தீவுகளாகக் கிடப்பது, முற்பகலில் முருகைக்கற்பாறைகளைக் காணச் செல்லும் புறாமலை. மாடப்புறாக்கள் இதன் பாறை இடுக்குகளில் கூடுகட்டி வாழ்வதால் இப்பெயர் வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக இருந்த இவ்விடம், 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கருமபீடத்தில் அனுமதிச்சீட்டுப் பெற்ற பின்னரே படகேற இயலும்.

பெரிய தீவின் கரையில் கால் வைத்ததும் காலடியில் நொறுங்குவன மணலல்ல, இறந்த முருகைக்கற்களின் வெண்துண்டுகளேயாகும். முருகை என்பது கல்லன்று. மிகச் சிறிய உடலுடைய விலங்குகள் ஆயிரக்கணக்கில் கூடி வாழ்ந்து, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சுரந்து கட்டியெழுப்பும் குடியிருப்பே அது. இவ்வுயிர்களின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்து அவற்றுக்கு அளிக்கின்றன. நீர் மிகுதியாகச் சூடேறினால் பாசிகள் வெளியேற்றப்பட, முருகை நிறமிழந்து வெளிறி, வெப்பம் நீடித்தால் இறந்துபோகின்றது. 1998இல் இந்து சமுத்திரமெங்கும் ஏற்பட்ட வெளிறலில் இலங்கையின் தெற்குக் கரைப் பாறைகள் பெரும் அழிவைச் சந்திக்க, புறாமலை பெருமளவு தப்பியது. திருகோணமலைப் பகுதியில் பதிவாகியுள்ள சுமார் 100 வகை முருகைகளிலும் 300 வகை மீன்களிலும் பல காணப்படும் இவ்விடத்தின் அருமை இதனால் இன்னும் கூடுகின்றது.

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீர்மேல் மிதப்பவர், கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஒலியைத் தெளிவாகக் கேட்கலாம். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் ஆழங்குறைந்த நீரில் மனிதரைக் கண்டதும் விலகிச் செல்லும். அவற்றைத் துரத்தாதவரை அச்சத்துக்கு இடமில்லை. பேராமையும் அழுங்காமையும் சில வேளைகளில் தென்படும்.

இங்கு வருந்தத்தக்கது, நீந்தத் தெரியாதோர் இளைப்பாறுவதற்காக உயிருள்ள முருகைமீது ஏறி நிற்பதாகும். கிளைமுருகைகள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் மட்டுமே வளர, பாறைமுருகைகள் அவற்றிலும் மெதுவாகவே வளர்கின்றன. ஆகவே, ஒரு காலடி முறித்ததைக் கடல் மீட்டுத்தரப் பல ஆண்டுகள் ஆகும். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் பெருங்கூட்டத்தை இறக்கிவிடும் படகோட்டியும், பணம் கொடுத்துவிட்டோம் என்னும் எண்ணத்தில் எச்சரிக்கையைச் செவிமடுக்காத பயணியும் இதில் சமமான பொறுப்புடையோரே. நீந்தாதோர் மிதப்பு அங்கி அணிந்தே இறங்கவேண்டும் என்பதைக் கட்டாயமாக்கினாலே பாதிச் சேதம் குறையும்.

பிற்பகலில் சல்லிக்குத் திரும்பினால், கரைவலை இழுக்கும் தொழிலைக் காணும் வாய்ப்புண்டு. படகொன்று வலையை அரைவட்டமாகக் கடலில் விரித்து வர, இரு முனைக் கயிறுகளையும் கரையிலுள்ளோர் இரண்டு அணிகளாக நின்று, மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கியவாறு இழுப்பர். இறுதியில் கரையேறும் மடியில் நெத்தலி, சூடை, காரல் முதலியன துள்ளும். வலைக்குரிய சம்மாட்டிக்கும் இழுத்தோருக்கும் வருவாய் பங்காகப் பிரிக்கப்படும். களப்பின் ஓரத்துக் கண்டல் மரங்களின் வேர்களிடையே இறாலும் மீன்குஞ்சும் வளர்வதால், கொக்குகளும் நீர்க்காகங்களும் மீன்கொத்திகளும் அங்கு ஓயாமல் இரைதேடுகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. கண்டலைக் காப்பது பறவைகளுக்கு மட்டுமன்றி ஊருக்கும் அரணாகும் என்பதை அதன்பின் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

நாளின் முடிவில், போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து எழுப்பிய கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேய்வதைக் கடந்து, குன்றின் உச்சிக்குச் செல்லலாம். இராவணன் வெட்டு எனப்படும் பிளவின் அருகே நின்று கடலை நோக்குவோருக்கு, பருவகாலத்தில் திமிங்கிலத்தின் மூச்சுத்தூண் கரையிலிருந்தே தென்படுவதுமுண்டு. எவ்வுயிருக்கும் இடையூறு செய்யாத இக்காட்சியே மிகச் சிறந்தது எனலாம்.

படகில் செல்ல விரும்புவோர், திமிங்கிலத்திலிருந்து 100 மீற்றருக்கு அப்பால் இயந்திர வேகத்தைக் குறைத்து நிற்க உடன்படும் படகோட்டியையே அமர்த்திக்கொள்ளவேண்டும். நெருங்கிச் செல்லுமாறு அவரை வற்புறுத்தவும், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவும் ஒருபோதும் முன்வரலாகாது.