மலைப் பயணத்தில் குடிநீர் வடிகட்டி

மலையில் நடைப்பயணம் செல்லும் உழவர் பெருமக்கள் ஓடை நீரை அப்படியே பருகக் கூடாது. நீரின் எடையாலேயே இயங்கும் பை வடிகட்டியை எடுத்துச் செல்லலாம். கலங்கல் நீரைத் தெளியவைத்து, துணியில் வடித்துப் பையில் நிரப்புங்கள். பையை மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள். உயரம் கூடினால் நீர் விரைந்து இறங்கும்.

வடிகட்டியின் 0.1 மைக்ரான் நுண்துளைகள் பாக்டீரியாக்களைத் தடுத்துவிடும். வைரஸ்களும், நீரில் கரைந்த பூச்சிமருந்தும் தப்பிவிடும். வைரஸ்கள் மடிய, வடித்த நீரை 1 நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் 3 நிமிடமும் கொதிக்கவிட வேண்டும். பூச்சிமருந்தோ கொதித்தாலும் நீங்கிவிடாது. ஆகவே, மருந்து தெளிக்கும் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் நீரைத் தவிர்த்து, மேலே சென்று எடுங்கள்.

நீர் இறங்குவது குறைந்தால், சொட்டுநீர்ப் பாசன வடிகட்டியைக் கழுவுவதுபோல, சுத்தமான நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவுங்கள்.