வில்லும் வண்டியும்

எமது ஊராகிய ஏழாயிரம்பண்ணையில் முதியோர் மாட்டுவண்டிகளை இருவகையாகப் பிரித்துரைப்பர். அச்சின்மீது நேரே பாரம் அமர்வது கட்டைவண்டி; எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்லின்மீது அமர்வது வில்வண்டி. அவ்வில்லே பின்னர் மோட்டாருக்கும் உறுப்பாயிற்று. 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் செய்யப்பெற்ற எம்.ஜி. டி.சி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் நான்கு சக்கரங்களுக்கும் இத்தகைய பட்டைவிற்களே உள.

எம் உறவினர் ஒருவர் அவ்வகைப் பழங்கார் ஒன்றைப் பேணி வருகின்றார். வளைவுகளில் அது மிகச் சாய்கின்றது. ஆதலின் விறைப்பு மிகுந்த வில்லை இடல் வேண்டும் என்பது அவர் கருத்து. அது தகுமோ என ஆராயப் புகுந்த யாம் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வில் அமிழும் அளவு அதன்மீது ஏறும் பாரத்திற்கு நேர்விகிதமானது. இவ்விதியை ராபர்ட் ஹூக் என்பார் 1678ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். பட்டையின் கனத்திற்கோ கணக்கு வேறு. கனம் இருமடங்கானால் விறைப்பு எண்மடங்காகும். 6 மில்லிமீட்டர்ப் பட்டைகளுக்கு ஈடாக 7 மில்லிமீட்டர்ப் பட்டைகளை அதே நீள அகலத்தில் அதே எண்ணிக்கையில் இட்டால், விறைப்பு ஏறத்தாழ 59 விழுக்காடு மிகும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

விறைத்த வில்லால் நன்மையும் உண்டு. வளைவிற் சாய்வதும், பிரேக் பிடிக்கையில் முகம் கவிழ்வதும் குறையும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் போன்ற சமதளத்திற்கு அஃது ஏற்றதே. எமது கரிசல் நிலமோ மழையில் வீங்கி வெயிலில் வெடித்துச் சாலையை அலைபோல் ஆக்குவது. மேட்டில் ஏறும் சக்கரத்தை வில் வாங்கிக்கொள்ளாவிடின், சக்கரம் நிலத்தை விட்டுத் துள்ளும். துள்ளிய கணத்தில் அது திருப்பத்திற்கும் உதவாது, பிரேக்கிற்கும் உதவாது. ஓட்டுவோர் உயிர் அக்கணத்தில் ஊசலாடும்.

வேறு கேடுகளும் உள. முன்வில்லை மாத்திரம் விறைப்பாக்கினால் வண்டி வளைவில் திரும்பாது வெளிப்புறம் விலக முற்படும். பின்வில்லை மாத்திரம் ஆக்கினால் வால் வீசும். ஷாக் அப்ஸார்பரை வில்லுக்கு இசைய அமைக்காவிடில் துள்ளல் அடங்காது. வில் தாங்காத அதிர்ச்சியெல்லாம் பழைய அடிச்சட்டத்தைச் சேர்ந்து விரிசலை உண்டாக்கும்.

ஆதலின் புதுவில் வாங்குமுன் உள்ளதைச் சோதித்தல் முறை. அவ்வாறு சோதித்தபொழுது, உறவினரது காரில் ஒருபுறம் பட்டையொன்று முறிந்திருந்தது. ஷாக் அப்ஸார்பர்களில் எண்ணெய் வற்றியிருந்தது. அவற்றைச் செப்பனிட்டபின் மிகைச்சாய்வு நீங்கிற்று. சிறிது சாய்வு எஞ்சியுள்ளது. அஃது அவ்வண்டிக்கு இயல்பே.

அவரும் தம் எண்ணத்தைக் கைவிட்டார். வளையாத வில்லைப் பூட்டினால், எத்துணை விலையுயர்ந்த காரும் எம்மூர்ச் சாலையிற் கட்டைவண்டியே என்று எம் பாட்டனார் கூறியதை அவர் மறுக்கவில்லை.