பத்து வரிக்குள் ஒரு விளையாட்டு

1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தது. வந்து இறங்கியது பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ. மெமரி வெறும் 32 கேபி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் 'காலை வணக்கம்' படம்கூட அதில் அடங்காது.

ஆனால் சுவிட்சைப் போட்டதும் 'பீப்' என்று ஒலித்து, பேசிக் மொழி தயாராக நிற்கும். காத்திருக்கும் வேலையே இல்லை.

பேசிக் பிறந்தது 1964-ல், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில். கணிதம் படிக்காத மாணவர்களும் புரோகிராம் எழுதட்டும் என்று கெமெனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் உருவாக்கினார்கள். பிபிசி மைக்ரோவுக்கான வடிவத்தை எழுதியவர் சோஃபி வில்சன். பிற்பாடு ஏ.ஆர்.எம். சிப்பை வடிவமைத்தபோது, அது எப்படி இயங்கும் என்பதை இதே பேசிக்கில்தான் அவர் எழுதிப் பார்த்தார். இன்று நம் செல்போன்களில் இருப்பது அந்தச் சிப்பின் வழித்தோன்றல்களே. பள்ளிக்கூட மொழி என்று இளக்காரம் பேசியவர்களுக்கு இது போதும்!

மொழி இன்னும் ஓய்வு பெறவில்லை. ரிச்சர்ட் ரஸல் என்ற பிரிட்டிஷ்காரர் அதை விண்டோஸ், ஆண்ட்ராய்டு என்று புதுக் கருவிகளுக்கெல்லாம் கொண்டுவந்தார். மந்தாரக்குப்பத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவரும் தன் போனில் அதை இலவசமாக ஓட்டலாம்.

ஆர்வலர்களுக்குப் போட்டியும் உண்டு: 'பேசிக் டென்லைனர்'. பத்தே வரியில் முழு விளையாட்டு ஒன்றை எழுத வேண்டும். ஒரு பிரிவில் வரிக்கு 80 எழுத்துக்கு மேல் கூடாது. கட்டளைகளைச் சுருக்கி, இடைவெளிகளை விழுங்கி, எப்படியோ எழுதிவிடுகிறார்கள்.