ஓட்டிக் காட்டச் சொல்லுங்க!

ஹாலுக்கு ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கலாம்னு கடைக்குப் போறீங்க. முதல்ல எதைப் பார்ப்பீங்க? விலையையா, இல்ல முன்னாடி மின்னுற அந்த நீல விளக்கையா?

நேயர்களே, பெட்டி மேல 'சி.ஏ.டி.ஆர்.'னு ஒரு எண் போட்டிருப்பாங்க. ஒரு மணி நேரத்துல அந்த மெஷின் எவ்வளவு சுத்தமான காற்றைக் கொடுக்கும்ங்கிற கணக்கு அது. எண் பெருசா இருந்தா பெரிய ஹாலுக்கும் தாங்கும். ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அந்த எண் பொதுவா, உள்ளே இருக்கிற விசிறி முழு வேகத்துல ஓடும்போது எடுத்தது. வீட்டுல அப்படி ஓட விட்டா, சீரியல் வசனம் காதுல விழாது! உடனே வேகத்தைக் குறைச்சிடுவோம். வேகம் குறைஞ்சா, சுத்தமாகிற காற்றும் குறைஞ்சிடும்.

அதனால ஹாலுக்குத் தேவையானதைவிட கொஞ்சம் பெரிய மெஷினா வாங்கி, மெதுவா ஓட்டுறதுதான் புத்திசாலித்தனம். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவுல கதவு இல்லையா? அப்போ அந்த இடத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்க. தாளிக்கிற புகை நேரா சோபாவுக்குத்தானே வருது!

கடையில ஒரு தடவை முழு வேகத்துல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. சத்தத்தைக் கேட்டுட்டு, அப்புறம் பணத்தை எடுங்க.