கணினிக் குற்றமும் முறையிடுபவரின் பொறுப்பும்

2016 ஆகஸ்ட் இறுதியில், அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் இணையத்தளத்துக்குள் யாரோ புகுந்து ஒரு செய்தியைப் பதிந்தார்கள். சித்திரைப் புத்தாண்டு வரும் ஏப்ரலில் உயர்தரப் பரீட்சை வேண்டாம், நாட்டின் இணையத்தளங்களின் பாதுகாப்பையும் கவனியுங்கள் என்றது அது. சில நாட்களில் கடுகண்ணாவையில் 17 வயது மாணவன் ஒருவன் கைதானான். பரீட்சைக்காக இப்படியுமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டாவது கோரிக்கை நியாயமானதுதானே!

நம் நாட்டில் இதற்கென இருப்பது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம். அதன் 3 ஆம் பிரிவு என்னைத் திகைக்க வைத்தது. அனுமதியில்லை என்று தெரிந்தே ஒரு கணினிக்குள் நுழைந்தால் போதும், அது குற்றம். எதையும் அழிக்கவோ திருடவோ வேண்டியதில்லை. ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வேறு குற்றம் செய்யும் நோக்கத்தோடு நுழைபவருக்கு 4 ஆம் பிரிவு தனியாக உண்டு. ஆனாலும் சும்மா எட்டிப் பார்த்தவளுக்கும் சிறை வாசல் திறந்தே இருக்கிறது.

சட்டம் இவ்வளவு அகலமாக இருந்தால், வழக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதில் முறையிடும் நிறுவனத்தின் சொல்லுக்கும் பாரம் உண்டு. அமெரிக்காவில் ஆரன் சுவார்ட்ஸ் என்ற இளைஞர், எம்.ஐ.டி பல்கலைக்கழக வலையமைப்பு வழியாக ஜேஸ்டோர் களஞ்சியத்தின் இலட்சக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகளை இறக்கி எடுத்தார். 2011 இல் கைதானார். ஜேஸ்டோர் அவரோடு சமரசமாகி, வழக்கில் தனக்கு நாட்டமில்லை என்றது. எம்.ஐ.டியோ நடுநிலை என்று ஒதுங்கிக்கொண்டது. அரச தரப்பு குற்றச்சாட்டுகளை 13 ஆக உயர்த்தியது. வழக்கு விசாரணைக்கு வருமுன்பே, 2013 ஜனவரியில், 26 வயதில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் பேராசிரியர் ஹால் ஏபெல்சன் தலைமையிலான குழு, எம்.ஐ.டி தவறாக நடக்கவில்லை என்றே சொன்னது. ஆனால் கணினித்துறைக்கே வழிகாட்டும் ஓரிடம் அப்போது வாய் திறந்திருக்கலாமே என்ற கேள்வியையும் எழுப்பியது. ஒரு பக்கம் அரசாங்கமும் மறுபக்கம் தனி ஓர் இளைஞரும் நிற்கும்போது, நடுவில் நிற்பதை என்னால் நடுநிலை என்று ஏற்க முடியவில்லை.

திருகோணமலையில் வீதியில் திரியும் மான்கள் வளவுக்குள் வந்து செடியைக் கடித்துவிட்டால், மானைத் திட்டிக்கொண்டே படலை பூட்டியிருந்ததா என்றும் பார்ப்போம். பாடசாலையோ வங்கியோ திணைக்களமோ பொலிஸுக்குப் போகும்போதும் அதைப் பார்க்க வேண்டும். கடவுச்சொல் எப்படிக் காக்கப்பட்டது, உண்மையான இழப்பு எவ்வளவு, நுழைந்தவரின் வயது என்ன, நோக்கம் என்ன என்பவற்றை முறைப்பாட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம். விசாரணைக்கு உதவ நிபுணர்களை நியமிக்கவும் இதே சட்டம் இடம் தருகிறது. இழப்பை ஊதிப் பெருப்பிக்காமல் கணக்கிட்டுச் சொல்ல அவர்களால் முடியும்.